டார்க் சாக்லேட் ட்ரஃபிளுக்கு எந்தப் பூ: ரோஜாவா, மல்லிகையா, லாவெண்டரா?

வீட்டில் ட்ரஃபிள் (வாயில் கரையும் சாக்லேட் உருண்டை) செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 200 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, 100 மில்லி க்ரீமைச் சூடாக்கி அதன் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் அப்படியே விட்டு, நடுவிலிருந்து மெதுவாகக் கலக்கி, ஆறவைத்து உருட்ட வேண்டியதுதான். இதில் பூ வாசனை சேர்க்கலாமே என்று நினைக்கும்போதுதான் குழப்பம் வருகிறது. கடையில் ரோஸ் எசென்ஸ், ரோஸ் வாட்டர், குல்கந்து மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இணையத்தில் தேடினால் பாதிப் பேர் லாவெண்டர் என்கிறார்கள், வீட்டு மாடியில் மல்லிகைச் செடி வேறு பூத்து நிற்கிறது. எதை எடுப்பது, அதை எப்படிச் சேர்ப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறை செய்கிறவர்களுக்கு, சாப்பிடத் தகுந்த ரோஸ் வாட்டர். மருந்து அடிக்காத மல்லிகை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்கு, கொஞ்சம் பொறுமையும் இருந்தால், மல்லிகை. லாவெண்டர் எல்லாருக்கும் பிடிக்காது. எசென்ஸைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். இதெல்லாம் வெறும் ருசி விவகாரம் இல்லை. ஒவ்வொரு பூவின் மணமும் ஒவ்வொன்றில்தான் ஒழுங்காக இறங்கும்: ஒன்று தண்ணீரில், ஒன்று கொழுப்பில், ஒன்று சூட்டில். அதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பூவை எப்படிக் கையாள்வது என்பது தானாக விளங்கிவிடும்.

பூவுக்குப் போகுமுன் சாக்லேட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே கோட்டை விட்டால் எந்தப் பூவும் காப்பாற்றாது. பேக்கிங் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும் டார்க் காம்பவுண்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். விலை குறைவு, உருக்குவது சுலபம், வெயிலையும் தாங்கும், எல்லாம் சரி. ஆனால் கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும், நம் வாயின் சூடு அதைவிடக் கொஞ்சம் அதிகம், அதனால் நாக்கில் பட்டதும் கரைந்து உள்ளே பிடித்துவைத்திருந்த மணத்தை மொத்தமாக விடுகிறது. காம்பவுண்ட் அப்படிச் சுத்தமாகக் கரையாமல் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பூ வாசனை ட்ரஃபிளில் மணம்தான் எல்லாம் என்பதால் உறையின் பின்பக்கத்தைப் படித்து, கொக்கோ வெண்ணெய் இருப்பதையே வாங்குங்கள். சதவிகிதத்தில் 55 முதல் 60 வரை போதும். 70, 75க்கு மேல் போனால் கொக்கோவின் கசப்பும் வறுத்த வாசனையும் மெல்லிய பூ மணத்தை அமுக்கிவிடும், அதோடு கொழுப்பு கூடுவதால் கனாஷ் (சாக்லேட்டும் க்ரீமும் சேர்ந்த கலவை) திரிந்து எண்ணெய் பிரிவதற்கும் வாய்ப்பு அதிகம். (பிரிந்தால் பதற வேண்டாம், வெதுவெதுப்பான பால் ஒரு ஸ்பூன் விட்டுக் கலக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.) க்ரீமுக்கு டெட்ரா பேக்கில் வரும் 25 சதவிகிதக் கொழுப்பு ஃப்ரெஷ் க்ரீமே போதும். கேக் கடை நான்டெய்ரி விப்பிங் க்ரீம் வேண்டாம், அதில் சர்க்கரையும் வெனிலா வாசனையும் ஏற்கெனவே இருக்கும், உங்கள் பூவோடு சண்டை போடும்.

சரி, ரோஜா. சாக்லேட்டும் ரோஜாவும் புதிய ஜோடி இல்லை. இங்கிலாந்தில் ரோஜா ஜெல்லிக்கு மேல் சாக்லேட் பூசிய ஃப்ரைஸ் டர்கிஷ் டிலைட் 1914இலேயே வந்துவிட்டது, டார்க் சாக்லேட்டுக்குள் ரோஸ் க்ரீம், வயலட் க்ரீம் வைத்துச் செய்வதும் அங்கே பழைய வழக்கம்தான். டார்க் சாக்லேட்டின் கசப்புக்கு ரோஜாவின் இனிப்பான மணம் எதிர்ப்பக்கத்தில் நின்று சரிக்கட்டுகிறது. ஆனால் ரோஜாவை எந்த வடிவத்தில் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ரோஸ் வாட்டரை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. புது ரோஜாவை முகர்ந்தால் வருகிற மணத்தில் ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலுக்குப் பெரிய பங்கு, அது தண்ணீரில் நன்றாகக் கரையக்கூடியது. இதழ்களைத் தண்ணீரோடு காய்ச்சி வடிக்கும்போது மேலே மிதக்கும் எண்ணெயில் அது கொஞ்சம்தான் போகும், பெரும்பகுதி கீழே தண்ணீரிலேயே தங்கிவிடும். அதனால்தான் நல்ல ரோஸ் வாட்டர் உண்மையான ரோஜா மாதிரியே மணக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் செம்புப் பானையில் காய்ச்சி இந்தத் தண்ணீரையும் எடுக்கிறார்கள், ஈரானில் காஷான் பக்கம் மே மாதத்தில் ரோஜாவைக் காய்ச்சுவது இந்தத் தண்ணீருக்காகத்தான். 200 கிராம் சாக்லேட்டுக்கு முதலில் ஒரு டீஸ்பூன் விட்டு ருசி பாருங்கள், பெரும்பாலும் இரண்டு டீஸ்பூன் வரை போகும், அதற்கு மேல் வேண்டியிருந்தால் அந்த ரோஸ் வாட்டரே வலுவில்லாதது என்று அர்த்தம். எவ்வளவு விடுகிறீர்களோ அவ்வளவு க்ரீமைக் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கனாஷ் உருட்ட வராது. க்ரீமோடு சேர்த்துச் சுடவைக்கவே கூடாது. கனாஷ் கலந்து பளபளப்பாக வந்து, விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில், அதாவது 40 டிகிரிக்குக் கீழே வந்தபிறகு சேர்த்தால் மணம் ஆவியாகிப் போகாது. தண்ணீர் பட்டால் சாக்லேட் திரிந்துவிடுமே என்று சிலர் பயப்படுவார்கள். க்ரீம் சேர்க்காத வெறும் உருக்கிய சாக்லேட்டில் சொட்டுத் தண்ணீர் பட்டால்தான் அது இறுகிக் கட்டிதட்டும். கனாஷில் ஏற்கெனவே க்ரீமின் தண்ணீர் இருப்பதால் ஒன்றும் ஆகாது.

வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீர், முகத்துக்குப் பூசும் ரோஸ் வாட்டர், சமையல் ரோஸ் வாட்டர் மூன்றும் வேறு வேறு. பாட்டிலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா, சாப்பாட்டில் சேர்க்கலாம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூஜை சாமான் கடையில் வாங்கியதை வாயில் வைக்காதீர்கள்.

எசென்ஸ் மலிவு, எங்கும் கிடைக்கும், இரண்டு சொட்டில் வேலை முடிந்துவிடும். ஆனால் நம் ஊரில் ரோஸ் எசென்ஸ் என்றாலே நாக்குக்கு ரோஸ்மில்க்தான் நினைவுக்கு வரும். குளிர்ந்த பாலில், சர்க்கரையோடு அது அழகாக இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டார்க் சாக்லேட்டில் அதே எசென்ஸ் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது, முதலில் பளிச்சென்று ஒரு ரோஜா, அப்புறம் ஒரு கசப்பு, இரண்டும் ஒன்றோடொன்று சேர்வதே இல்லை. குழந்தைகளுக்காகச் செய்கிறீர்கள், மில்க் சாக்லேட் கலந்து செய்கிறீர்கள் என்றால் பரவாயில்லை.

குல்கந்து வேறு மாதிரி. இதழும் சர்க்கரையும் வெயிலில் ஊறி வந்தது என்பதால் அதில் மணத்தைவிட ருசி அதிகம், தேன் மாதிரி ஒரு ஆழம் இருக்கும். அதைக் கனாஷில் கலந்தால் மணம் தொலைந்துபோய் இனிப்பு மட்டும் மிஞ்சும், பிசுபிசுப்பும் வரும். நடுவில் வைத்துப் பாருங்கள்: மிளகு அளவுக்கு மேல் வேண்டாம், சின்ன உருண்டையாக உருட்டி ஃப்ரீசரில் இறுகவைத்து, அதைச் சுற்றிக் கனாஷைப் போர்த்தி உருட்டுங்கள். இதற்கு மட்டும் 70 சதவிகித சாக்லேட் எடுக்கலாம், உள்ளே இருக்கும் இனிப்பு அந்தக் கசப்பைத் தாங்கும். தீபாவளிக்குக் கொடுக்க, பெரியவர்கள் சாப்பிட, இது அருமையான வழி. சாக்லேட் எல்லாம் எனக்கு எதற்கு என்று ஒதுங்கும் மாமியார்கூட வெற்றிலை பாக்கு ஞாபகத்தில் இன்னொன்று எடுப்பார்.

காய்ந்த இதழ் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், அழகுக்கு மேலே தூவ நன்றாக இருக்கும், மணத்துக்கு அதை நம்ப வேண்டாம். புது இதழ் என்றால் பன்னீர் ரோஜா மட்டும்தான். ஒசூர்ப் பக்கத்திலிருந்து வரும் நீளக் காம்பு ரோஜாக்கள் பார்க்கத்தான் அழகு, வாசனை சொற்பம், மருந்தும் நிறைய அடித்திருப்பார்கள்.

இப்போது மல்லிகை. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பிளாரன்ஸில், அதை ஆண்ட மெடிசி குடும்பத்து மூன்றாம் கோசிமோவின் அரண்மனையில், மல்லிகை மணக்கும் சாக்லேட் ஒன்று புகழ்பெற்றிருந்தது. அரண்மனை மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி அதன் செய்முறையை யாருக்கும் சொல்லாமல் காத்துவைத்திருந்தார். அவர் செய்தது இவ்வளவுதான்: வறுத்து உடைத்த கொக்கோவையும் அன்றைக்குப் பறித்த மல்லிகை இனப் பூவையும் பெட்டியில் அடுக்கடுக்காகப் பரப்பி மூடிவைத்தார், மறுநாள் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூவைப் போட்டார், இப்படியே பல நாள். தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது. கொக்கோவில் இருக்கும் கொழுப்பே மணத்தை உறிஞ்சிக்கொண்டது.

இதற்குள் இருக்கும் சங்கதி இதுதான். மல்லிகை பறித்த பிறகும் மணி மணியாக மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும் பூ, சாயங்காலம் மொட்டாக வாங்கித் தலையில் வைத்தது ராத்திரி விரிந்து அறையே மணப்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஆனால் அதைச் சூடாக்கினால் அந்த மணம் கெட்டுவிடும், வெந்த கீரை மாதிரி ஒரு வாடை வரும். அதனால்தான் வாசனைத் திரவியத் தொழிலிலும் மல்லிகையைப் பெரும்பாலும் ரோஜா மாதிரிக் காய்ச்சி வடிப்பதில்லை, அந்தக் காலத்தில் கொழுப்பு தடவிய தட்டில் பரப்பிவைத்து மணத்தை இழுத்தார்கள், இப்போது கரைப்பான் கொண்டு எடுக்கிறார்கள். சீனாவில் ஃபூஜோவில் மல்லிகைத் தேயிலை செய்கிறவர்களும் தேயிலையோடு மொட்டைக் கலந்து ராத்திரி முழுக்க வைத்திருந்து பிறகு பூவைச் சலித்துவிடுகிறார்கள். அவர்கள் பயன்படுத்துவதும் நம் குண்டுமல்லி இனம்தான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி இருக்கும் ஊர்க்காரர்கள் நாம், நாம் இதைச் செய்து பார்க்காமல் யார் செய்வது?

வீட்டுக்கு ஏற்ற மாதிரி சுருக்கினால் இப்படி வரும். சாக்லேட்டை மெல்லிய சீவலாக நறுக்கி அகலமான கண்ணாடி டப்பாவில் பரப்புங்கள். அதன் மேல் சுத்தமான மெல்லிய துணியை விரித்து, சாயங்காலம் பறித்த மொட்டுகளை, பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, இரண்டு கைப்பிடி பரப்பி மூடிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வேண்டாம், குளிரில் மொட்டு விரியாது, அறையின் குளிர்ந்த மூலையில் போதும். காலையில் எழுந்ததும் பூவை எடுத்துவிட வேண்டும், வாடிப் பழுப்பாகும்வரை விட்டால் மணத்துக்கு அடியில் இருக்கும் ஒரு கனத்த வாடை மேலே வந்துவிடும். அன்று சாயங்காலம் திரும்பவும் புதுப் பூ. இரண்டு ராத்திரி கட்டாயம், மூன்று என்றால் இன்னும் நன்று. பூவின் ஈரத்தால் சாக்லேட் மேல் வெள்ளையாகப் படிந்தாலும் கவலையில்லை, எப்படியும் உருக்கத்தான் போகிறோம். அதே நேரத்தில் க்ரீமிலும் ஏற்றலாம்: ராத்திரி விரிந்த பூவில் ஒரு கைப்பிடியைக் குளிர்ந்த க்ரீமில் போட்டு, ஃப்ரிட்ஜில் ஐந்தாறு மணி நேரம் வைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். பிறகு கனாஷுக்காக க்ரீமைச் சுடவைக்கும்போது கொதிக்கவிடாமல், ஓரத்தில் ஆவி எழும்பியதும் இறக்கிவிடுங்கள்.

கிடைப்பது ரோஜா மாதிரி முன்னால் வந்து நிற்கும் மணம் இல்லை. வாயில் போட்டதும் சாக்லேட்தான் தெரியும், கரைந்து முடியும் நேரத்தில் மூக்கின் பின்பக்கமாக மல்லிகை ஏறும், விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். எனக்கு டார்க் சாக்லேட்டோடு இதைவிட நன்றாகச் சேரும் பூ எதுவும் தெரியாது. ஏலக்காய், பட்டை எதையும் இதோடு சேர்க்காதீர்கள், ஒரு சிட்டிகை உப்பு மட்டும் போதும். ஏலக்காய் ரோஜாவுக்குச் சொந்தம்.

ஆனால் ஒரு நிபந்தனை, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: பூச்சிமருந்து அடிக்காத பூ வேண்டும். சந்தையில் முழம் போட்டு விற்கும் பூ தலையில் வைக்க வளர்த்தது, வாயில் வைக்க இல்லை. சொந்தச் செடி, அல்லது மருந்து அடிப்பதில்லை என்று உறுதியாகத் தெரிந்த பக்கத்து வீட்டுச் செடி. வெள்ளையாக இருப்பதெல்லாம் மல்லிகையும் இல்லை. அரளி கடுமையான விஷம், அதன் வெள்ளைப் பூ ஒன்று கலந்தாலும் ஆபத்து, ஆகவே நீங்களே செடியிலிருந்து பறித்த பூவை மட்டும் எடுங்கள். அப்படிப் பூ கிடைக்காதவர்கள் மல்லிகை எசென்ஸ் வாங்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், ஊதுபத்தி வாசனைதான் வரும். அதற்கு ரோஸ் வாட்டர் எவ்வளவோ மேல்.

லாவெண்டரை நிறையப் பேர் கேட்கிறார்கள், ஆகவே சொல்லிவிடுகிறேன். இது சூட்டுக்கு அஞ்சாது. காய்ந்த மொட்டு ஒரு டீஸ்பூன் எடுத்து 100 மில்லி க்ரீமோடு சூடாக்கி, மூடி, பத்து நிமிடம் வைத்து வடிகட்டினால் முடிந்தது, வடிகட்டிய பிறகு க்ரீமை அளந்து குறைந்ததை நிரப்பிக்கொள்ள வேண்டும். நேரம் கூடினால் கசக்கும். மூன்றிலும் வேலை குறைவு இதில்தான், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும் என்பதும் இதன் பலம். ஜம்மு-காஷ்மீரின் தோடா மாவட்டத்தில், பதர்வா பக்கம் இப்போது நிறைய விளைகிறது, ஆகவே இந்திய லாவெண்டரே வாங்கலாம், சமையலுக்கானது என்று போட்டிருக்க வேண்டும், பொட்பூரிக்கு (அறை மணக்க வைக்கும் காய்ந்த பூக்கலவைக்கு) விற்பது கூடாது. சிக்கல் என்னவென்றால், நம் வீடுகளில் லாவெண்டர் முதலில் வந்தது சோப்பாகவும் டால்கம் பவுடராகவும் ரூம் ஸ்ப்ரேயாகவும்தான். சாப்பிடும் பொருளாக அது நமக்குப் பழக்கமே இல்லை. வெளிநாட்டில் இருந்து பழகியவர்கள் ரசிப்பார்கள், மற்றவர்கள் மரியாதைக்காக ஒன்று சாப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் மட்டும் செய்யுங்கள்.

தாழம்பூ வாசனையும் ஒரு வழிதான், ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வரும் கேவ்ரா தண்ணீர் பெரிய கடைகளில் கிடைக்கும். வலு அதிகம், 200 கிராமுக்கு கால் டீஸ்பூனில் தொடங்குங்கள். க்ரீமுக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பால் வைத்துச் செய்தால் நன்றாகச் சேர்கிறது, ஆனால் கொஞ்சம் கூடினாலும் எல்லாரும் பிரியாணி என்றுதான் சொல்வார்கள். செம்பருத்தியில் நிறம் உண்டு, மணம் கிடையாது. குங்குமப்பூவை வெள்ளைச் சாக்லேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், டார்க்கில் அதன் நிறமும் தெரியாது, மணமும் அமுங்கிவிடும், விலைக்கு நியாயமில்லை.

மேலே என்ன பூசுவது என்பதும் பூவைப் பொறுத்தே மாறும். கொக்கோ பவுடரில் உருட்டுவது சுலபம், ஆனால் அந்தக் காய்ந்த கசப்பு முதலில் நாக்கில் இறங்கி மல்லிகையை மறைத்துவிடும். மல்லிகைக்கு உருக்கிய சாக்லேட்டில் முக்கிய மெல்லிய ஓடுதான் பொருத்தம், மணமும் உள்ளேயே அடைபட்டிருக்கும். சாக்லேட்டைப் பதமாகச் சூடேற்றி ஆற்றி ஓடு செய்வது சென்னை மாதிரி ஊரில், ஏசி இல்லாத சமையலறையில் கஷ்டம் என்பது உண்மை. அதிகாலையில் செய்யுங்கள், அல்லது ஓடு வேண்டாம் என்று விட்டுவிட்டு அதே சாக்லேட்டைத் துருவி அதில் உருட்டுங்கள். ரோஜாவுக்குப் பொடித்த பிஸ்தா நன்றாகப் போகும், கொக்கோ பவுடரும் பரவாயில்லை. குல்கந்து உருண்டைக்கு எதுவும் ஒத்துவரும்.

பரிசாகக் கொடுக்கிறவர்கள் நாளையும் கணக்குப் பார்க்க வேண்டும். க்ரீம் இருப்பதால் எதுவானாலும் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது, பூ மணமும் அதற்கு மேல் மங்கத் தொடங்கும். ரோஸ் வாட்டர் ட்ரஃபிளை இன்று சாயங்காலம் நினைத்தால் நாளைக் காலை டப்பாவில் அடுக்கிவிடலாம், மல்லிகைக்கு நான்கு நாள் முன்பே தொடங்க வேண்டும், அதுவும் செடி பூக்கிற வெயில் காலத்தில்தான் தாராளமாகக் கிடைக்கும். தீபாவளி சமயத்தில் மாடிச் செடியில் இரண்டு கைப்பிடி மொட்டு சேர்வதே சிரமம், அதனால் ஐப்பசிக்கு ரோஜா, சித்திரைக்கு மல்லிகை என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

இரண்டையும் செய்தால் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். பூ மணத்தை உறிஞ்சிய அதே கொழுப்பு பக்கத்தில் இருப்பதையும் உறிஞ்சும், ஃப்ரிட்ஜில் இருக்கும் சாம்பாரையும் பூண்டையும் சேர்த்துத்தான். இறுக மூடும் டப்பா, அதைச் சுற்றி இன்னொரு உறை. சாப்பிடக் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் டப்பாவைத் திறக்காமலே வெளியே எடுத்து வையுங்கள், குளிர் விட்டால்தான் மணம் எழும்பும். கொடைக்கானலில் என்றால் அரை மணி நேரம், சென்னை மே மாதத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் விட்டால் கனாஷ் இளகிவிடும்.